சீருடை அணிந்தவர் குடும்ப நீதிமன்றப் படியேறும்போது



விவாகரத்தைக் குறித்து நம்முடைய பக்கங்களில் எழுத அநேகர் தயங்குவார்கள். எழுதினால் அதை ஊக்கப்படுத்துவதாகிவிடுமோ என்கிற அச்சமே அதற்குக் காரணம். அந்த அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் எழுதாமல் விடுவதனால் உடைந்த குடும்பம் ஒன்றும் சேர்ந்துவிடுவதில்லை. உடைகிற குடும்பம் சட்டம் அறியாமல் உடைகிறது, அவ்வளவே. ஆகையால் இந்த மாதம் ஒரு குறிப்பிட்ட கூட்டத்தாரை மனதில் வைத்து எழுதுகிறேன். விமான நிலைய வாசலில் நிற்கிற மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர், ரயில் நிலைய நடைமேடைகளைக் காக்கிற ரயில்வே பாதுகாப்புப் படையினர், மத்திய சேமக் காவல் படையில் மாநிலம் மாநிலமாகச் செல்லுகிறவர்கள், நகரக் காவல் நிலையங்களில் பணிபுரிகிறவர்கள் ஆகியோரும் அவர்களுடைய மனைவிமாரும், சீருடை அணிந்த சகோதரிகளின் கணவன்மாரும் இதை வாசிக்க வேண்டுமென்று விரும்புகிறேன். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் உள்ள தமிழ்ச் சபைகளில் இப்படிப்பட்ட குடும்பங்கள் இல்லாத சபை குறைவு.

காவல் பணியில் இருப்பவருக்கு மணமுறிவு வழக்கு ஏன் தனியாக விளக்கப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். மற்றவருக்கு அது குடும்ப வழக்கு மட்டுமே. காவலருக்கோ அதே வழக்கு அவருடைய வேலையையும், குடியிருப்பையும், இடுப்பில் தொங்குகிற ஆயுதத்தையும் தொடுகிறது. அதோடு, வழக்கு என்றாலே தான் விசாரிக்கிறவனாகவும் எதிரில் நிற்பவர் பதில் சொல்லுகிறவராகவும் இருந்து பழகியவர் அவர். குடும்ப நீதிமன்றத்தில் அவர் மனுதாரர் அல்லது எதிர்மனுதாரர்; வேறொன்றும் இல்லை. இதை முதல் நாளிலேயே ஏற்றுக்கொண்டவர் அதிகச் சேதமின்றி வெளியே வருகிறார் என்பதும், ஏற்றுக்கொள்ளாதவர் மனைவியையும் இழந்து வேலையையும் இழக்கிற இடத்துக்கு வருகிறார் என்பதுமே நான் சொல்ல வந்த காரியம்.

பணியின் பாரத்தை நாம் மறுக்கவேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு வெளியான இந்தியக் காவல்துறை நிலை குறித்த ஆய்வறிக்கை, நம் நாட்டுக் காவலர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று கூறியது. மும்பையில் 2016ஆம் ஆண்டு தேவ்னார் காவல் நிலையத்தில் 8 மணி நேரப் பணிமுறை சோதனையாகத் தொடங்கப்பட்டபோது அது செய்தித்தாள்களில் பெரிய செய்தியாக வந்தது. எட்டு மணி நேர வேலை ஒரு துறையில் செய்தியாகிறது என்றால், அந்தத் துறையினரின் வீடுகளில் இரவு உணவு எத்தனை மணிக்கு, யாரோடு உண்ணப்படுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். மகாராஷ்டிராவில் பெண் காவலர்களின் பணி நேரத்தை 12 மணியிலிருந்து 8 மணியாகக் குறைக்கும் அறிவிப்பு 2022ஆம் ஆண்டு ஜனவரியில்தான் வந்தது.

ஆனாலும் பணிச்சுமை ஒரு காரணமாகலாமே தவிர, சட்டத்தில் அது ஓர் ஆதாரமாகாது. கிறிஸ்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் 2001ஆம் ஆண்டில் பெரிய அளவில் திருத்தப்பட்டது. அதற்கு முன்பு கணவன் விபசாரத்தை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ விபசாரத்தோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. நூறாண்டுகளுக்கு மேல் நம்முடைய தாய்மாரும் பாட்டிமாரும் அந்தச் சட்டத்தின்கீழ் வாழ்ந்தார்கள். திருத்தத்துக்குப் பின்பு இருபாலருக்கும் ஒரே அளவுகோல்தான். விபசாரம், கொடுமை, குறைந்தது 2 ஆண்டுகள் கைவிட்டிருத்தல், வேறு மதத்துக்கு மாறியிருத்தல் முதலியவை 10ஆம் பிரிவில் சொல்லப்பட்டிருக்கின்றன. இருவரும் மனமொத்துப் பிரிய 10ஏ என்கிற பிரிவும் அப்போதுதான் சேர்க்கப்பட்டது.

'கைவிடுதல்' என்ற சொல்லில் காவலர் குடும்பங்கள் அடிக்கடி இடறுகின்றன. கணவர் சத்தீஸ்கரிலோ மணிப்பூரிலோ பணியில் இருக்கிறார், மூன்று ஆண்டுகள் வீட்டுக்குச் சரியாக வரவில்லை, ஆகவே அது கைவிடுதல் என்று மனைவியின் வீட்டார் சொல்லுவார்கள். மும்பையில் தனக்குள்ள ஆசிரியை வேலையை விட்டு என் பின்னே வர மறுத்தாள், ஆகவே அது கைவிடுதல் என்று கணவர் சொல்லுவார். இரண்டும் அப்படியே நிற்காது. விலகி இருத்தலோடு, தாம்பத்தியத்தை முடித்துக்கொள்ளும் எண்ணமும் இருந்ததாக நிரூபிக்க வேண்டுமென்பது 1956ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் விளக்கிய சட்டம். அரசாங்கம் அனுப்பிய இடத்துக்குப் போவதும், பிள்ளைகளின் பள்ளிக்காக ஓர் ஊரில் தங்குவதும் தன்னளவில் கைவிடுதல் ஆகா. அதே வேளையில், வெளியூரில் இருந்துகொண்டு பணமும் அனுப்பாமல் தொலைபேசி அழைப்பையும் ஏற்காமல் இருக்கிறவர், பணியிட மாற்ற ஆணையைக் காட்டித் தப்பித்துவிட முடியாது.

இனி, நம்முடைய சபைகளில் நடக்கிற ஒரு காரியத்தை வெளிப்படையாகப் பேசவேண்டும். இருவருக்கும் ஒத்துவரவில்லை என்றவுடன் இரு வீட்டுப் பெரியவர்களும், சில இடங்களில் போதகரும் மூப்பர்களும் கூடி உட்கார்ந்து, முத்திரைத் தாளில் 'இனி ஒருவர்மேல் ஒருவருக்கு உரிமை இல்லை' என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுகிறார்கள். நோட்டரியின் முத்திரையும் அதில் விழுகிறது. இந்தத் தாள் விவாகரத்து அல்ல. சபை தருகிற கடிதமும் விவாகரத்து அல்ல. 1996ஆம் ஆண்டில் கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், திருச்சபை நீதிமன்றம் திருமணத்தை ரத்து செய்திருந்தபோதிலும், சிவில் நீதிமன்றத்தின் தீர்ப்பின்றி அந்தத் திருமணம் சட்டப்படி முடிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நூற்றாண்டுகள் பழமையான திருச்சபையின் நீதிமன்றத்துக்கே அதுதான் நிலை என்றால், முத்திரைத் தாளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறவர் அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் அவர்மேல் குற்ற வழக்கு வரலாம். காவலர் செய்தால் குற்ற வழக்கோடு துறை விசாரணையும் வரும். முந்தைய மனைவி உயிரோடிருக்க, திருமணம் சட்டப்படி முடியாதிருக்க, மற்றொரு திருமணம் செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை தண்டனைக்குரியது. முந்தைய திருமணத்தை மறைத்துச் செய்தால் 10 ஆண்டுகள் வரை. இதற்கு மேல், மத்திய அரசுப் பணியாளர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 21ஆம் விதி இரண்டாம் திருமணத்தைத் தனியாகத் தடை செய்கிறது. மாநிலக் காவல்துறைகளுக்கும் இதேபோன்ற விதிகள் உண்டு. முதல் மனைவி குற்ற வழக்கே தொடராவிட்டாலும், யாரோ ஒருவர் கமாண்டன்டுக்கு ஒரு மனு எழுதினால் போதும். முத்திரைத் தாளைக் காட்டி வேலையைக் காத்துக்கொள்ள இயலாது.

நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்றே மறுமணத்துக்கு நாள் குறிக்கிற அவசரமும் கூடாது. மேல்முறையீட்டுக்கான காலம் முடியவேண்டும், அல்லது செய்யப்பட்ட மேல்முறையீடு தள்ளுபடியாகியிருக்கவேண்டும் என்று விவாகரத்துச் சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்லுகிறது. மறுமணத்தை நடத்திவைக்கும்படி கேட்கப்படுகிற போதகர்கள் தீர்ப்பின் நகலைக் கேட்டு வாங்கித் தேதியைப் பார்ப்பது தங்களுக்கும் நல்லது.

போதகர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. நீதிமன்றத்தில் முதலில் கேட்கப்படுவது திருமணச் சான்று. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி, பெந்தெகொஸ்தே சபையின் ஊழியர் திருமணத்தை நடத்திவைக்க அரசாங்கத்தின் உரிமம் பெற்றிருக்கவேண்டும். நம்முடைய நகரச் சபைகளில் உரிமம் பெற்றவர் அநேகர், பெறாதவரும் உண்டு. உரிமம் இல்லாதவர் நடத்தியிருந்தால், திருமணமே சட்டப்படி நடந்ததா என்கிற வாதம் எழும். நடத்திவைத்தவர் மீதே குற்றம் சாட்டப்படலாம். ஜீவனாம்சம் கேட்டுச் செல்லுகிற சகோதரி அந்த வாதத்தில்தான் முதலாவது சிக்கிக்கொள்ளுகிறாள். உங்கள் திருமணச் சான்றில் யாருடைய உரிம எண் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பிரிவினை எண்ணமே இல்லாதவர்களும் பார்க்கலாம்.

அடுத்ததாகச் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாயிருக்கும். முதல் தலைமுறையாக விசுவாசத்துக்கு வந்த குடும்பங்களில், சபைப் பதிவேட்டில் ஒரு மதமும் பணிப் பதிவேட்டில் வேறொரு மதமும் இருப்பது நாமறிந்ததே. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, தாழ்த்தப்பட்ட சாதியினருக்குரிய தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே உண்டு. அந்த இட ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்த ஒரு காவலர், 'நான் கிறிஸ்தவன்' என்று பிரமாணம் செய்து விவாகரத்துச் சட்டத்தின்கீழ் மனுப்போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனு நீதிமன்ற ஆவணம். கோபங்கொண்டிருக்கிற எதிர்த்தரப்பின் கையில் அதன் நகல் இருக்கும். அது துறை அலுவலகத்துக்குப் போய்ச்சேர அதிக நாளாகாது. 2024ஆம் ஆண்டு நவம்பரில், ஞானஸ்நானம் பெற்றிருந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காகத் தாழ்த்தப்பட்ட சாதிச் சான்று கோரிய வழக்கில், மனப்பூர்வமான நம்பிக்கையின்றி இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்லிக்கொள்வதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, சான்று மறுக்கப்பட்டதை உறுதிசெய்தது. சாதிக்கொடுமை ஞானஸ்நானத்தோடு ஒழிந்துபோவதில்லையே, அப்படியிருக்க இந்த ஆணை நியாயமா என்பது தனிக் கேள்வி. 2004ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட கேள்வி அது. என் மட்டில் அந்த ஆணை அநீதியானது. ஆனால் குடும்ப நீதிமன்றம் அதைத் தீர்த்துவைக்கிற இடமல்ல.

இந்த நிலையில் இருப்பவர் என்ன செய்வது? மனு எழுதப்படுகிறதற்கு முன்பே வழக்கறிஞரிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: எந்த முறையில் திருமணம் நடந்தது, எப்போது ஞானஸ்நானம், பணிப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பவற்றை. இந்து முறைப்படி நடந்த திருமணத்துக்கு 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பொருந்துமா, அல்லது மனுப்போடுகிற வேளையில் தம்பதியரில் ஒருவர் கிறிஸ்தவராயிருப்பதால் 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் போகலாமா என்பதெல்லாம் அந்த விவரங்களைக்கொண்டே முடிவாகும். வேலைக்காக நீதிமன்றத்தில் விசுவாசத்தை மறுதலிப்பதோ, வழக்குக்காகத் தெரியாத ஒன்றைப் பிரமாணத்தில் எழுதுவதோ பின்னால் இரட்டைச் சுமையாகும். கசப்பான ஆலோசனைதான், ஆனாலும் மனுவில் கையொப்பமிடுவதற்கு முன்பு கேட்கவேண்டிய ஆலோசனை.

இனி ஆயுதத்தைக் குறித்து. பிரிவினைப் பேச்சு நடக்கிற நாட்களில் துப்பாக்கி வீட்டுக்கு வரக்கூடாது. பணி முடிந்தவுடன் ஆயுதக் கிடங்கில் ஒப்படைத்துப் பதிவேட்டில் கையொப்பமிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். மனம் மிகவும் கலங்கியிருந்தால் சில வாரங்களுக்கு ஆயுதமில்லாத பணியைக் கேட்டு வாங்குவது அவமானமல்ல. பெரிய அதிகாரியிடம் 'வீட்டில் பிரச்சினை' என்று சொல்ல எந்தக் காவலரும் விரும்பமாட்டார். ஆனால் அதிகாரிக்கு முதலில் உங்கள் வாயினாலே தெரிவதும், பிறகு ஒரு புகார் மனுவினாலே தெரிவதும் ஒன்றல்ல. தூக்கமில்லாமல் தவிக்கிறவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

ஆயுதத்தைக் காட்டிலும் எளிதாகக் கையிலெடுக்கப்படுவது அதிகாரம். மனைவியின் கைபேசி யார் யாரோடு பேசியது என்கிற விவரத்தை ஒரு நண்பர் மூலம் எடுத்துப் பார்ப்பது, அவளுடைய தம்பியை 'சும்மா விசாரிக்க' நிலையத்துக்கு வரவழைப்பது, மாமனார் வீட்டு வாசலில் ரோந்து வண்டியை நிறுத்திவைப்பது போன்றவை காவலருக்கு மிகச் சிறியனவாகத் தோன்றும். கைபேசி அழைப்பு விவரங்கள், விசாரணையிலிருக்கிற வழக்குக்காக, உரிய உயர் அதிகாரியின் வழியாக மட்டுமே பெறப்படவேண்டியவை. சொந்த வழக்குக்காக எடுத்தால் அது குற்றம். எடுத்துக்கொடுத்த நண்பரும் சேர்ந்தே விழுவார். கணவன் மனைவி தங்களுக்குள் பேசியதை ஒருவர் பதிவு செய்திருந்தால் அதை மணவழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2025ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது தம்பதியருக்குள் நடந்த பேச்சைப் பற்றியது. துறையின் கருவிகளைக்கொண்டு வேவு பார்க்க அது அனுமதி கொடுக்கவில்லை. அது மட்டுமல்ல, நீங்கள் அதட்டிப் பேசியதை உங்கள் மனைவியும் பதிவு செய்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காவலரின் மனைவியாகிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. 'நான் எங்கே போய்ப் புகார் கொடுப்பேன், நிலையத்தில் இருக்கிறவர்களெல்லாம் அவருடைய நண்பர்கள்' என்பதே உங்களுடைய முதல் கலக்கமாயிருக்கும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீங்கள் காவல் நிலையத்துக்கே போகாமல் பாதுகாப்பு அலுவலரிடமோ, நேரடியாக மாஜிஸ்திரேட்டிடமோ மனுக் கொடுக்கலாம். பாதுகாப்பு ஆணை, தங்குமிட ஆணை, செலவுக்குப் பணம் ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரே மனுவில் கேட்கலாம். குற்றப் புகாரே கொடுக்கவேண்டியிருந்தால், எந்த நிலையத்திலும் அதைப் பதிவு செய்யவேண்டுமென்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்லுகிறது. மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையேல் மாஜிஸ்திரேட். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று பின்வாங்காதிருங்கள். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு; 15100 என்ற எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கொடுமைப் புகார், அதாவது பழைய 498ஏ, இப்போது நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவாக இருக்கிறது. புகார் வந்தவுடனே கைது செய்யவேண்டியதில்லை, அவசியத்தை ஆராய்ந்தே கைது செய்யவேண்டும் என்று 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. காவலருக்கு இதில் ஒரு தனி அபாயம் உண்டு. மத்திய அரசுப் பணியாளர் விதிகளின்படி, 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டதாகவே கருதப்படுவார். தொடக்கத்தில் ஏறக்குறைய பாதிச் சம்பள அளவிலான பிழைப்பூதியமே கிடைக்கும். ஆகவே விசாரணைக்கு அழைக்கும் அறிவிப்பு வந்தால், 'நம்ம ஆட்கள்தானே' என்று அசட்டையாயிராமல் குறித்த நேரத்தில் ஆஜராகவேண்டும். இதை அறிந்துகொண்டு, உண்மையில்லாத புகாரைக் கொடுத்து வேலையைப் பறிப்பேன் என்று மிரட்டுகிற உறவினரும் சில வீடுகளில் உண்டு. அந்த வேலை போனால் பிள்ளைகளின் ஜீவனாம்சமும் அதோடு போகும் என்பதை அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

வாய்தா நாளில் பந்தோபஸ்து வருவது இந்தப் பணியின் இயல்பு. தேர்தல், கணபதி ஊர்வலம், முக்கியப் பிரமுகர் வருகை என்று விடுப்பு ரத்தாகும். நீதிமன்றத்துக்கு ஒரு கடிதமுமின்றி வராமலிருந்தால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிடும். அதை நீக்கக் கோர 30 நாட்களே காலக்கெடு. பணியிட மாற்றம் வந்தவுடன் புதிய முகவரியை நீதிமன்றத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். பழைய முகாமுக்குப் போன சம்மன் அங்கேயே கிடந்துவிடும்.

ஜீவனாம்சத்தில் மறைப்பதற்கு அரசு ஊழியருக்கு இடமே இல்லை. 2020ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி இரு தரப்பாரும் தங்கள் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தரவேண்டும். மனுப்போட்ட நாளிலிருந்து தொகை கணக்காகும். நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சத்தைக் கட்டாமல் விட்டால், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை பிடித்தம் செய்யச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் வழியுண்டு. குவார்ட்டர்ஸில் குடியிருக்கிற மனைவியை இரவோடிரவாக வெளியேற்றுவதும் இயலாது. பணியிட மாற்றத்தால் குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய நேர்ந்தால், அதே தரத்தில் வேறு இடமோ வாடகையோ கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் ஆணையிடலாம்.

இருவரும் மனமொத்துப் பிரிவதானால் 10ஏ பிரிவின்கீழ் கூட்டு மனு. சட்டத்தின் எழுத்தில் 2 ஆண்டுகள் பிரிந்திருக்கவேண்டும் என்றிருக்கிறது. 2010ஆம் ஆண்டில் கேரள உயர் நீதிமன்றமும், பின்பு கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஓராண்டாக வாசித்தன; 2022ஆம் ஆண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த ஓராண்டையும் தள்ளிவிட்டது. உங்கள் நகரத்தில் எது செல்லும் என்பதை வழக்கறிஞரிடமே கேட்கவேண்டும். கூட்டு மனுவில் பிள்ளைகளைப் பார்க்கும் நாட்களைக் குறிக்கும் பத்தியை வழக்கறிஞரின் எழுத்தரிடம் விட்டுவிடாதிருங்கள். 'முதலாம், மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் மாலை 5 வரை' என்று வழக்கமாக எழுதிவிடுவார்கள். சுழற்சிப் பணியில் இருப்பவருக்கு அந்த ஞாயிறு கிடைக்காது. தகப்பன் வரவில்லை என்று பிள்ளை வாசலில் நிற்கும். தாய் அதைக் குற்றமாக எழுதிக்கொள்வாள். ஆறு மாதத்தில் மறுபடியும் வழக்கு. 'மாதத்தில் ஏதேனும் இரண்டு நாட்கள், மூன்று நாட்களுக்கு முன் தகவல் தந்து. நீண்ட விடுப்பில் வரும்போது தொடர்ச்சியாக இத்தனை நாட்கள். வாரத்தில் இத்தனை முறை காணொளி அழைப்பு' என்று பணிக்கேற்றபடி எழுதச் சொல்லுங்கள். தாய் சீருடையில் இருக்கிற வீட்டிலும் இதே பத்தி இதே கவனத்தோடு எழுதப்படவேண்டும். இரவுப் பணிக்குப் போகிறாள் என்பது மாத்திரம் பிள்ளையை அவளிடமிருந்து எடுப்பதற்குக் காரணமாகாது. நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை.

விவாகரத்துக்கு மனச்சாட்சி இடம் கொடுக்காதவர்களுக்கும், ஆனால் அடியும் வசையுமாக ஒரே கூரையின்கீழ் இருக்க முடியாதவர்களுக்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. விவாகரத்துச் சட்டத்தின் 22ஆம் பிரிவு நீதிமன்றப் பிரிந்துவாழ்தலுக்கு இடமளிக்கிறது. திருமணப் பந்தம் நிற்கும், சேர்ந்து வாழவேண்டிய கட்டாயம் நீங்கும், மறுமணம் கூடாது. மல்கியாவின் புத்தகத்தை ஒரு தரப்பும், கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தை மறு தரப்பும் எடுத்துக்கொண்டு வாதிடுகிற சபைகளில், இப்படியொரு பிரிவு இருக்கிறதென்று அறிந்தவர் மிகக் குறைவு. அடிபடுகிற சகோதரியை 'பொறுத்துக்கொள், ஜெபம் பண்ணு' என்று சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள், அந்த வீட்டில் ஆயுதம் ஏந்தப் பயின்ற ஒருவர் இருக்கிறார் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

கடைசியாகக் காகித வேலை. தீர்ப்பின் சான்றிட்ட நகலை அலுவலகத்தில் கொடுத்து, பணிப் பதிவேட்டிலும், சேமநிதி, பணிக்கொடை, காப்பீடு ஆகியவற்றின் நியமனப் படிவங்களிலும் மாற்றம் செய்யவேண்டும். விவாகரத்தான மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை; நீதிமன்றத்தால் பிரிந்து மட்டும் வாழ்கிறவள் சட்டப்படி மனைவியே. பிள்ளைகளின் உரிமையோ பெற்றோரின் விவாகரத்தினால் அற்றுப்போகாது. ஆகவே அவர்களுடைய பெயர்கள் பதிவேட்டில் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். மத்திய அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 2024ஆம் ஆண்டு ஜனவரியில் புதிய வசதி ஒன்று வந்தது. விவாகரத்து வழக்கோ, குடும்ப வன்முறை வழக்கோ, கொடுமை வழக்கோ நிலுவையில் இருக்கையில், தான் இறந்துபோனால் குடும்ப ஓய்வூதியம் கணவனுக்கு முன்பாகத் தகுதியுள்ள பிள்ளைகளுக்குப் போகவேண்டுமென்று அலுவலகத் தலைவருக்கு எழுதிக்கொடுக்கலாம். சீருடை அணிந்த நம் சகோதரிகளில் வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர்கள் அந்தக் கடிதத்தை இந்த வாரமே எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலைத் தங்கள் தாய் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்.